மேலுமலை ஏறட்டும், அப்புறம் விலை பேசலாம்

பெங்களூரில் விற்பனைக்கு நிற்கும் வண்டி கிருஷ்ணகிரிக்கு வரும்போது இறக்கத்தில் வருகிறது. ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையில் 300 மீட்டருக்கு மேல் உயர வித்தியாசம். சூளகிரி தாண்டி மேலுமலைக் கணவாயில் இறங்கும்போது இன்ஜினுக்கு வேலையே இல்லை. நல்ல வண்டியும் கெட்ட வண்டியும் ஒரே மாதிரி வழுக்கிக்கொண்டு வந்து சேரும். உள்ளே ஓனர், பக்கத்தில் புரோக்கர், ஏசி ஜில்லென்று இருக்கும். வாங்க வந்தவர் ஏறி உட்கார்ந்து ஊருக்குள் ஒரு சுற்று சுற்றுவார், பாட்டைப் போட்டுக் கேட்பார், அட்வான்ஸ் கொடுத்துவிடுவார்.

போச்சம்பள்ளியில் பட்டறை வைத்திருக்கிறேன். பழைய வண்டி வாங்கப் போகிறவர்களோடு துணைக்குப் போய்ப் பார்த்துச் சொல்வதும் பல வருடமாக என் வேலையில் பாதி. கூப்பிடுகிறவர்களிடம் நான் போடும் நிபந்தனை ஒன்றுதான். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் பக்கமாக, அதாவது ஏற்றத்தில், வண்டியில் எத்தனை சீட் உண்டோ அத்தனை ஆளையும் ஏற்றிக்கொண்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். மேலுமலை ஏறட்டும், அப்புறம் விலை பேசலாம் என்பேன்.

ஆளுக்கு 60 கிலோ என்றால் ஏழு பேர் 420 கிலோ. பைகள், தண்ணீர் கேன், குலதெய்வக் கோயிலுக்கு என்றால் பொங்கல் பானை, அரிசி மூட்டை எல்லாம் சேர்ந்தால் அரை டன். ஏழு சீட் வண்டியை ஒரு குடும்பம் எதற்காக வாங்குகிறது? வாரநாளில் சிப்காட் வேலைக்கு ஒருவர் தனியாக ஓட்டிப் போவதற்கு அல்ல. திருப்பதி, மேல்மலையனூர், தர்மஸ்தலா, கார்த்திகையில் சபரிமலை, பள்ளி லீவில் ஊட்டி. அந்த நாட்களுக்குத்தான். அப்போது வண்டியில் நம்முடைய மொத்தக் குடும்பமும் இருக்கிறது. இரண்டு பேரோடு காலியாக ஓட்டிப் பார்ப்பது அந்த வண்டி செய்யப்போகும் வேலைக்கான சோதனையே அல்ல. என் தாத்தா காலத்தில் சந்தையில் வண்டிமாடு பிடிப்பவர்கள் பாரம் ஏற்றிய வண்டியில் பூட்டி மேட்டில் இழுக்கவிட்டுப் பார்த்துத்தான் பணத்தை எடுப்பார்களாம். பல லட்சம் கொடுத்து வாங்கும் வண்டிக்கு அந்த அளவு நிதானம்கூட இல்லை என்பது எனக்கு வருத்தம்.

எங்கள் பக்கம் பழைய குடும்ப வண்டி என்றாலே முக்கால்வாசி பெங்களூர் சரக்கு. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 2000-ல் டொயோட்டா குவாலிஸ் வந்தது. பெங்களூரை அடுத்த பிடதியில் தயாரானது. கால் சென்டர்களும் ஐடி கம்பெனிகளும் பெருகிய நேரம் அது. ராத்திரி ஷிப்டுக்கு ஆட்களை ஏற்றி இறக்க குவாலிஸ்தான் என்று ஆனது. 2005-ல் இன்னோவா வந்து அந்த இடத்தைப் பிடித்தது. கம்பெனிக்கு ஓடிய மஞ்சள் போர்டு வண்டிகள் சில வருடத்தில் வெள்ளை போர்டாக மாறி அத்திப்பள்ளி எல்லை தாண்டி நம் பக்கம் வரத் தொடங்கின. வெள்ளை போர்டாக மாற்றி விற்பது சட்டப்படி செய்யக்கூடியதுதான். மாற்றியதைச் சொல்லாமல், "டாக்டர் வீட்டு வண்டி, 80,000 கிலோமீட்டர்தான்" என்று விற்பதுதான் பிரச்சினை.

மீட்டரை நான் நம்புவதில்லை. மீட்டர் குறைக்கிறவர் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார். ஆனால் நடு சீட்டுக்கு ஏறும் இடத்தில் கால் வைக்கும் பட்டை இருக்கிறதே, அதைக் குறைக்க முடியாது. வீட்டு வண்டியில் டிரைவர் பக்கம்தான் அதிகம் தேய்ந்திருக்கும். டாக்சியாக ஓடியதில் இடது பக்கப் பின்கதவின் கைப்பிடியும், கதவு ரப்பரும், நடு சீட் மடக்கும் லிவரும் தேய்ந்திருக்கும். ஏனென்றால் ஆட்கள் நடைபாதைப் பக்கமாகத்தான் ஏறி இறங்குவார்கள். டிரைவர் சீட்டுக்குக் கவர் புதிதாகப் போட்டிருந்தால் கவரைத் தூக்கி இடுப்பு படும் ஓரத்து ஸ்பாஞ்சை அழுத்திப் பார்ப்பேன். பள்ளமாகவே நின்றால் அதில் உட்கார்ந்தவர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். ஸ்பீடு கவர்னர் மாட்டியிருந்த இடத்தில் ஒயர் வெட்டி டேப் சுற்றிய தடம் இருக்கும்.

இப்போது இன்னொரு வழியும் கிடைத்திருக்கிறது. 2021 பிப்ரவரியில் பாஸ்டேக் கட்டாயமானது. ஓனரிடம் பாஸ்டேக் கணக்கைத் திறந்து காட்டச் சொல்கிறேன். ஒரே டோல்கேட்டைத் தினமும் இரண்டு தடவை, அதுவும் ராத்திரி இரண்டு மணிக்கும் விடிகாலை ஐந்து மணிக்கும் தாண்டியிருந்தால், அது ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கும் வண்டி இல்லை. காட்டத் தயங்கினால் அந்தத் தயக்கமும் ஒரு பதில். கம்பெனி சர்வீஸ் சென்டரில் நம்பரைச் சொன்னால் கடைசியாக எத்தனை கிலோமீட்டரில் சர்வீஸுக்கு வந்தது என்பதும் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இதையெல்லாம்விட நான் அதிக நேரம் செலவழிப்பது தண்ணீரில் நின்ற வண்டியைக் கண்டுபிடிப்பதில்தான். 2015 டிசம்பரில் சென்னை முழுகியது. 2022 செப்டம்பரில் பெங்களூரில் சர்ஜாபூர் ரோடு, பெல்லந்தூர் பக்கம் அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளத்தில் கார்கள் கூரை மட்டும் தெரிய நின்றதை எல்லோரும் டிவியில் பார்த்தோம். வெள்ளம் நமக்குத் தூரத்து விஷயம் என்று எங்கள் மாவட்டத்துக்காரர்கள் நினைத்திருந்தார்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் மழை அந்த நினைப்பை மாற்றியது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. ஏரி நிரம்பி வந்த வெள்ளம் ரோட்டோரம் நின்ற வேன்களையும் கார்களையும் பொம்மை போலப் புரட்டிக்கொண்டு போனது. அப்படி நனைந்த வண்டிகளில் சில கழுவப்பட்டு, வாசனை அடிக்கப்பட்டு, வேறு ஊர் ஸ்டாண்டில் போய் நிற்கும். வெள்ளம் வந்து போன ஆறு மாதத்துக்குப் பிறகுதான் கூடுதல் கவனம் தேவை.

வண்டிக்குள் நல்ல சென்ட் வாசனை வந்தால் முதலில் கண்ணாடியை எல்லாம் ஏற்றி, வெயிலில் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டுத் திறந்து மோந்து பார்ப்பேன். ஈரச் சாக்கு நாற்றம் சென்ட்டை மீறி வரும். பிறகு சீட் பெல்ட்டை இழுப்பேன். சும்மா போட்டுக்கொள்ளும் அளவுக்கு அல்ல, உருளையிலிருந்து கடைசிவரை. பெல்ட்டின் மேல்பாதியைத் துவைத்திருப்பார்கள். உள்ளே சுருண்டிருக்கும் கடைசி முழத்தை யாரும் துவைப்பதில்லை. அங்கே சேற்றுக்கோடு ஒன்று குறுக்கே நிற்கும். தண்ணீர் எதுவரை ஏறியது என்பதைக் காட்டும் கோடு அது. அடுத்து சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்து சீட் தண்டவாளத்தின் போல்ட்டுகளைப் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் செருப்பு ஈரம் பட்டு வரும் துரு மேலாக இருக்கும். முழுகிய வண்டியின் துரு போல்ட்டின் மறைவுக்குள்ளிருந்து வரும். ஃபியூஸ் பெட்டியைத் திறந்தால் பித்தளை முனைகளில் பச்சை படிந்திருக்கும். பின்விளக்கின் உள்மூலையில் நெற்றியில் பூசின திருநீறு அளவுக்கு மெல்லிய வண்டல் இருந்தாலும் போதும், நான் பானெட்டை மூடிவிடுவேன். அந்த வண்டி எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். இன்ஜினைச் சரிசெய்யலாம். ஒயரிங் எப்போது கைவிடும் என்று யாராலும் சொல்ல முடியாது. கைவிடும் இடம் ராத்திரி நேரத்துத் தொப்பூர்க் கணவாயாகக்கூட இருக்கலாம்.

இன்ஷூரன்ஸ் பேப்பரும் பேசும். க்ளெய்ம் எதுவும் போடாமல் வருடத்தைக் கடந்தால் நோ க்ளெய்ம் போனஸ் 20 சதவீதத்தில் தொடங்கி 25, 35, 45, கடைசியில் 50 என்று ஏறும். பழைய பாலிசிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், ஏறிக்கொண்டே வந்த எண் எந்த வருடம் பூஜ்யமானது என்று தெரியும். அந்த வருடம் எந்த ஊரில் என்ன நடந்தது என்று யோசித்துவிட்டு ஓனரைக் கேளுங்கள். அந்தப் போனஸ் வண்டியோடு நமக்கு வராது, ஓனரோடு போய்விடும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பல பேர் அதைக் கணக்கில் வைத்து விலை பேசுகிறார்கள்.

எந்த வண்டி எடுக்கலாம் என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. நான் பெயரைச் சொல்வதற்கு முன் வீட்டில் மூத்தவர் யார் என்று கேட்பேன். அப்பத்தாவுக்கு முழங்கால் வலி என்றால், உயரமான வண்டிகளில் ஏறி இறங்குவதே அவருக்குத் தண்டனை. வாங்கும் முன் அவரையே ஒரு தடவை ஏறி இறங்கச் சொல்லிப் பாருங்கள். அடுத்து குழந்தைகள். பழைய வண்டிகள் சிலவற்றில் பின்னால் எதிரெதிராக உட்காரும் பக்கவாட்டு சீட் இருக்கும். ஒழுங்கான பெல்ட் கிடையாது. குழந்தைகள் அங்கேதான் உட்காருவேன் என்று அடம்பிடிப்பார்கள். நான் அதைச் சீட்டாகவே எண்ணுவதில்லை. 2019 ஏப்ரலில் ஏபிஎஸ் பிரேக்கும், ஜூலையில் டிரைவர் ஏர்பேக்கும் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமாயின. அதற்கு முந்தைய வண்டி என்றால் அது எந்த வேரியண்ட், இவை இரண்டும் இருக்கின்றனவா என்று கட்டாயம் பார்க்கவேண்டும். மியூசிக் சிஸ்டத்துக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தை இதற்குக் கொடுங்கள்.

குவாலிஸ், கிரிஸ்டா வரைக்குமான இன்னோவா, ஸ்கார்பியோ, பொலிரோ, பார்ச்சூனர் இவையெல்லாம் சேஸ் வண்டி. கீழே ஏணி போல இரும்புச் சட்டம், அதன்மேல் பாடி, பின்சக்கரம் தள்ளும். எக்ஸ்யூவி 500, எர்டிகா, டஸ்டர், 2021-க்குப் பிறகான சஃபாரி, இன்னோவா ஹைகிராஸ் ஆகியவற்றில் தனிச் சேஸ் இல்லை, பாடியே சட்டம். இவற்றில் பயணம் சொகுசு, வளைவில் அதிகம் சாயாது. தோப்புக்குள், கல் ரோட்டில், முழுப்பாரத்தோடு தினமும் அடிவாங்கும் வேலைக்கு சேஸ் வண்டி. தார் ரோட்டில் குடும்பத்தோடு தூரம் போக மற்றது. இதில் உயர்வு தாழ்வு இல்லை, வேலை வேறு. அடிபட்ட வண்டியாக இருந்தால் மட்டும் ஒரு வித்தியாசம் உண்டு. சேஸ் வளைந்து நிமிர்த்திய வண்டியைக் குனிந்து பார்த்தால் வெல்டிங் தடம் தெரிந்துவிடும். பாடியே சட்டமான வண்டியில் அந்தத் தடம் பெயிண்ட்டுக்கும் பட்டிக்கும் அடியில் ஒளிந்துகொள்ளும். ஆகவே அதைப் பார்க்க இன்னும் நல்ல கண் வேண்டும்.

2020 ஏப்ரலுக்குப் பிறகான பிஎஸ்-6 டீசல் வண்டி பற்றி ஒரு வார்த்தை. புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி அதில் இருக்கிறது. வண்டி நெடுந்தூரம் சூடாக ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து சுத்தமாகும். வீட்டிலிருந்து சிப்காட்டுக்கு ஆறு கிலோமீட்டர் போய்வருவதே தினசரி ஓட்டம் என்றால், வருடத்துக்கு இரண்டு டூருக்காக டீசல் வாங்கி அந்த வடிகட்டியை அடைத்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு பெட்ரோல் வண்டி போதும்.

இழுவை என்று வந்தால் எங்கள் ஊருக்கே உரிய ஒரு ஆசை உண்டு. பாரூர் பக்கத்து மாந்தோப்புக்காரர் ஒருவர் ஸ்கார்பியோ எடுக்க வந்தார். "தம்பி, பின்னாடி கொக்கி அடிச்சு ஒரு சின்ன டிரைலர் மாட்டிக்கலாம்னு இருக்கேன். சீசன்ல காய் இழுத்துக்கலாம், மத்த நாளு வீட்டு ஜனத்தோட போய்க்கலாம். ஒரே வண்டி, ரெண்டு வேலை" என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆஸ்திரேலியாவில் இருக்கும் நம் ஆட்கள் வீட்டையே காருக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு டூர் போகிற வீடியோவை அவர் பேரன் காட்டியிருக்கிறான்.

அவரை உட்காரவைத்துக் கணக்குப் போட்டேன். "அண்ணா, ஒரு கிரேட்டுக்கு 25 கிலோ காய்னு வச்சுக்கங்க. 40 கிரேட்டு ஒரு டன். டிரைலர் கூடு தனி. ஆஸ்திரேலியாவுல 4x4 டீசல் ஹைலக்ஸ் 3,500 கிலோ இழுக்கும்னு கம்பெனியே எழுதிக் கொடுக்குது. ஆனா அது டிரைலருக்குத் தனி பிரேக் இருந்தாத்தான். பிரேக் இல்லாத டிரைலர்னா அதே வண்டிக்கு 750 கிலோதான். நீங்க மாட்டப்போறதுக்குப் பிரேக் இருக்கா?" என்றேன். இல்லை. லேத் பட்டறையில் ஆங்கிள் வைத்து அடிக்கப்போகும் டிரைலர் அது.

ஏற்றத்தில் பாரம் வண்டியைப் பின்னால் பிடித்து இழுக்கும். கிளட்ச் தேயும், இன்ஜின் சூடாகும், அவ்வளவுதான். இறக்கத்தில் அதே பாரம் வண்டியைத் தள்ளும். முன்வண்டியின் பிரேக் இரண்டு வண்டிக்கும் சேர்த்து உழைக்கவேண்டும். சூடேறிய பிரேக் ஒரு கட்டத்துக்குமேல் பிடிக்காது. டிரைலரில் பாரம் அச்சுக்குப் பின்னால் அதிகமாக இருந்தால் வேகத்தில் வால் ஆடத் தொடங்கி முன்வண்டியையும் புரட்டும். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது கொக்கியின் மேல் அழுந்த வேண்டும் என்பது இழுவைக்காரர்களின் பொதுக் கணக்கு. அந்த அழுத்தத்தைத் தாங்க கொக்கி சேஸில் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்க வேண்டும். பம்பரில் வெல்டிங் வைத்தது நிற்காது. சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் டிரைலரும் ஒரு வாகனம்தான், அதற்கும் தனியாகப் பதிவு வேண்டும். வண்டியோடு வரும் ஓனர் புத்தகத்தில் இழுவைக்கான பக்கம் ஒன்று உண்டு. எவ்வளவு இழுக்கலாம், இழுக்கவே கூடாதா என்பதை அதில்தான் பார்க்கவேண்டும், டீ கடையில் கேட்கக்கூடாது.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சீசனுக்கு டாட்டா ஏஸ் வாடகைக்குப் போட்டா எவ்வளவு ஆவும்?" என்றார். பார்த்தால், ஸ்கார்பியோவின் ஒரு கிளட்ச் செட் மாற்றும் செலவில் பல நடை ஓட்டிவிடலாம். கடைசியில் கொக்கி இல்லாமல், குடும்பத்துக்கு என்று மட்டும் ஒரு வண்டி எடுத்தார். விற்க வந்த வண்டிகளில் ஏற்கெனவே கொக்கி மாட்டிக் கழற்றிய போல்ட் துளைகள் பின்சட்டத்தில் இருக்கின்றனவா என்று நான் தவறாமல் பார்ப்பதும் இதனால்தான். முன்பக்கத்து இழுவைக் கொக்கி வளைந்திருந்தாலும் அப்படித்தான். அந்த வண்டி பல தடவை நடுரோட்டில் நின்று கயிறு கட்டி இழுக்கப்பட்டிருக்கிறது. ஆட்டோமேட்டிக் கியர் வண்டியை அப்படிக் கயிற்றில் இழுத்திருந்தால் கியர்பாக்ஸுக்கே ஆபத்து. அதைத் தட்டையான மீட்பு லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

இனி மேலுமலை. வண்டி பார்க்கும் நாளில் நான் சொல்லிய நேரத்துக்கு முன்பே போய் பானெட்டில் கை வைப்பேன். சுட்டால், நமக்காக முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். குளிர்ந்த இன்ஜினின் முதல் ஸ்டார்ட்தான் உண்மை பேசும். ஆட்களை எல்லாம் ஏற்றியபின் டயரில் காற்றுப் பார்ப்பேன். டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் காலி வண்டிக்கு ஒரு அளவு, பாரத்துக்கு ஒரு அளவு இருக்கும். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் உண்டு: 3219 என்றிருந்தால் 2019-ம் வருடம் 32-வது வாரம் செய்தது. டயர் பட்டன் தேயாமல் நிறைய இருக்கிறது என்று ஏமாறவேண்டாம். வயதான ரப்பர் பாரத்திலும் வெயிலிலும்தான் வெடிக்கும்.

கிருஷ்ணகிரியை விட்டு ஏற்றம் தொடங்கியதும் ஏசியைப் போட்டு, மூன்றாவது வரிசை வரைக்கும் காற்று வருகிறதா என்று பின்னால் இருப்பவர்களைச் சொல்லச் சொல்வேன். நாலாவது கியரில் மெதுவாகவே போய், ஏற்றத்தின் நடுவில் ரேஸை முழுக்க அழுத்திப் பார்ப்பேன். இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் பிளேட் வழுக்குகிறது. பின்னால் ஒருவர் கண்ணாடி வழியாகப் புகையைப் பார்க்க வேண்டும். கறுப்பு என்றால் டீசல் எரியாமல் போகிறது. பெரும்பாலும் இன்ஜெக்டர், டர்போ வேலை. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. அது பெரிய செலவு. என் கண் வெப்பமுள் மேலேயே இருக்கும். காலி வண்டியில் நடுவில் அசையாமல் நின்ற முள், ஏழு பேரோடு ஏறும்போது நடுவைத் தாண்டி நகர்ந்தால் ரேடியேட்டரோ ஹெட் கேஸ்கெட்டோ சந்தேகம். ஏறி முடித்து ஓரம் கட்டி, இன்ஜின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியை மெதுவாகத் திறப்பேன். புகை குபுகுபுவென்று கையைத் தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது. ரேடியேட்டர் மூடியை மட்டும் அந்தச் சூட்டில் யாரும் தொடக்கூடாது.

திரும்பி இறங்கும்போது பிரேக். ரோடு காலியாக இருக்கும் இடத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். பாரத்தோடு இறங்கும்போது பெடல் நடுங்கினால் டிஸ்க் வளைந்திருக்கிறது. பெடல் வரவர ஆழமாக இறங்கினால் பிரேக் ஆயில் பழசு. ஸ்டியரிங் ஒருபக்கம் இழுத்தால் ஒரு சக்கரம் மட்டும் பிடிக்கிறது. மலை டூர் அதிகம் போகிற குடும்பமாக இருந்தால் நான் இத்தோடு விடுவதில்லை. திருப்பத்தூர் வழியாக ஏலகிரி. 14 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் ஒரு புலவர் அல்லது வள்ளல் பெயர். இரண்டாவது கியரில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து ஏறும்போது, நெடுஞ்சாலையில் வாயைத் திறக்காத ஆக்சில் ஜாயின்ட்டும் கிரவுன் பினியனும் சத்தம் போட ஆரம்பிக்கும்.

இவ்வளவுக்கும் சம்மதிக்காத ஓனர்கள் உண்டு. "எங்க வண்டியில ஏழு பேரா? வேணாம் குரு, இஷ்டம் இருந்தா எடுத்துக்கோ" என்று ஒருவர் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். கோபமில்லை, அவர் பொருள், அவர் முடிவு. டீசல் செலவு நம்முடையது, இன்ஷூரன்ஸ் நடப்பில் இருக்க வேண்டும், ஓனரோ அவர் ஆளோ கூடவே இருக்கலாம் என்று சொன்னால், நல்ல வண்டி வைத்திருப்பவர்களில் பெரும்பாலானோர் ஒப்புக்கொள்கிறார்கள். சிலருக்குத் தங்கள் வண்டி பாரத்தோடு ஏறுவதைக் காட்டுவதில் பெருமைகூட.

சோதனையில் தேறிய வண்டிக்கும் உடனே செலவு உண்டு. அதை விலையிலேயே ஒதுக்கிவைக்கச் சொல்கிறேன். 2005-லிருந்து கிரிஸ்டா வரும்வரைக்குமான டீசல் இன்னோவாவில் டைமிங் பெல்ட். மாற்றிய பில் கையில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு புதிது போடவேண்டும். அறுந்தால் இன்ஜின் போச்சு. ஆயில்கள், கூலன்ட், பிரேக் ஆயில், ரேடியேட்டர் ஹோஸ், தேவையானால் நாலு டயர், அப்புறம் ஸ்டெப்னி. முதல் டூருக்கு ஒரு மாதம் முன்பே இதையெல்லாம் முடித்துவிட வேண்டும்.

பேப்பர் வேலை சுருக்கம்தான், ஆனால் தள்ளிப்போடக் கூடாது. கர்நாடகா நம்பர் வண்டி என்றால் அங்கத்திய ஆர்டிஓவிலிருந்து என்ஓசி, லோன் இருந்திருந்தால் அது அடைந்ததற்கான பேங்க் கடிதம், படிவம் 28, 29, 30, தேவைப்பட்டால் 35. வேறு மாநில நம்பரோடு 12 மாதத்துக்குமேல் இங்கே வைத்து ஓட்டக்கூடாது என்பது சட்டம். இங்கே வண்டியின் வயதுக்கு ஏற்ப ஆயுள் வரி கட்டி TN எண் வாங்கவேண்டும். அங்கே மீதமிருக்கும் வரியைத் திருப்பிக் கேட்க விண்ணப்பிக்கலாம். இந்த வரியைச் சேர்த்துப் பார்த்தபிறகுதான் பெங்களூர் வண்டி மலிவா இல்லையா என்பது தெரியும். பல நேரம் TN எண் வண்டிக்குத் தர்மபுரிக்காரர் கேட்கும் கூடுதல் விலையே லாபமாக இருக்கும். பழைய ஓனரின் பாஸ்டேக்கை அவர் மூடியபின் உங்கள் பெயரில் புதிது ஒட்டுங்கள். இன்ஷூரன்ஸும் உங்கள் பெயருக்கு மாறவேண்டும். ஆர்சியும் பாலிசியும் உங்கள் பெயரில் வரும்வரை அந்த வண்டியில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு தூரப் பயணம் கிளம்பாதீர்கள்; திருப்பதிக்குத் தேதி குறித்தாகிவிட்டது என்றால், அந்த ஒரு தடவை வாடகை வண்டியில் போய் வாருங்கள்.